குடும்பநல வழக்கறிஞர்களே, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய குடும்பநல வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். நான் சட்டம் படித்தவன் இல்லை. வாய்தாவுக்கு வாய்தா மூன்று வருஷம் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் நின்றவன். என் மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு இருப்பது தெரிந்த மறுவாரமே உங்களில் ஒருவரைத் தேடிப் போனேன். போனில் முப்பது நாற்பது ஸ்கிரீன்ஷாட், நாலு நாளாகத் தூக்கம் இல்லை. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது போதும் சார், டைவர்ஸும் கிடைக்கும், பொண்ணும் உங்களுக்குத்தான்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் மூன்று வருஷத்தையும் ஓட்டினேன்.

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இந்து திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி, கல்யாணத்துக்குப் பிறகு கணவனோ மனைவியோ விருப்பப்பட்டு வேறொருவருடன் உறவு வைத்தால் விவாகரத்து கேட்கலாம், 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒரு தடவை நடந்ததை நிரூபித்தாலே போதும். 2018-ல் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை ரத்து செய்தபோது கள்ளத்தொடர்பு கிரிமினல் குற்றமாக இருந்ததுதான் போனது, விவாகரத்துக்கான காரணமாக அது அப்படியே இருக்கிறது. மனைவியின் ஜீவனாம்சத்திலும் அது வந்து நிற்கும், ஆனால் எப்போதோ நடந்த ஒன்று போதாது, தொடர்ந்து அப்படி வாழ்கிறார் என்று காட்ட வேண்டும் என்றுதான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. குழந்தையின் செலவுக்குத் தர வேண்டிய பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இரண்டாவது பாதிதான் பொய். கஸ்டடி, அதாவது குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று வந்தால் 1956-ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் பார்க்கச் சொல்வது குழந்தையின் நலனை, அதுதான் தலையாயது. ஐந்து வயது ஆகாத குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. கள்ளத்தொடர்பு விவாகரத்துக்குக் காரணமாகலாம், குழந்தையைக் கொடுக்காமல் இருக்க அது காரணமாகாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தப் புது ஆளால் குழந்தைக்கு ஆபத்து, அவனைப் பார்க்கப் போகிறேன் என்று குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போகிறார், பள்ளிக்கு அனுப்புவதில்லை, இப்படி ஏதாவது இருந்தால் அது வேறு கதை. என் வழக்கில் அப்படி எதுவும் இல்லை. என் மனைவி எனக்குத் துரோகம் செய்தார், அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை, ஆனால் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது அவர்தான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஏன் சொல்வதில்லை என்பதுதான் என் கேள்வி.

அப்போது பெண்ணுக்கு எட்டு வயது. நீதிபதி அவளைச் சேம்பருக்குள் தனியாக அழைத்து, யாரோடு இருக்க ஆசை என்று கேட்டிருக்கிறார். "அப்பாகூட. அம்மா நடத்தை சரியில்லை" என்றிருக்கிறாள். என் வீட்டில், என் ஆட்கள் பேசிப் பேசி அவள் காதில் விழுந்தது அது. நடத்தை என்றால் என்னம்மா என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடக்கிறது" என்றாளாம். அப்புறம் அவளாகவே, "ஆனா அம்மா நல்லாத்தான் நடப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டாளாம். நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு இதைச் சொன்னபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. என் மனைவி அழுதார். அந்த வராந்தாவில் மூன்று வருஷமாக நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதே இல்லை, அன்றைக்குத்தான் பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனுவில் பதினாலாவது பத்தியில், குழந்தை எனக்குத்தான் பிறந்ததா என்று சந்தேகம் இருப்பதாக ஒரு வரி. நான் சொல்லவே இல்லை, எனக்கு அப்படி ஒரு சந்தேகம் ஒருநாளும் இருந்ததில்லை. கேட்டதற்கு, "கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார், டிஎன்ஏ கேட்டுப் பார்ப்போம்" என்றார் அவர். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மனைவியின் தொடர்பை நிரூபிக்கக் குழந்தையின் டிஎன்ஏவைக் குறுக்கு வழியாக்கக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்யாண பந்தத்தில் பிறந்த குழந்தை கணவனுடையதுதான் என்று எடுத்துக்கொண்டு சட்டமே அதைக் காத்து நிற்கிறது. ஆனால் எழுதிய வரி எழுதியதுதானே.

இப்போது எனக்குப் பயம் கூடியிருக்கிறது. கணவன் மனைவி பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர்கள் அடித்துக்கொள்வது ஒருபக்கம் இருக்கட்டும். அம்மாவின் போன் பாஸ்வேர்டைப் பார்த்து வா, வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று பார்த்துச் சொல் என்று குழந்தைகளை ஏவுகிறவர்களை வராந்தாவிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் கட்சிக்காரர் அப்படி ஒரு ஆதாரத்தோடு வந்தால், இது எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். குழந்தை மூலம் வந்ததென்றால் வாங்காதீர்கள்.

முதல் நாள் வருகிறவன் எரிந்துகொண்டிருப்பான். விவாகரத்து மனு வேறு, குழந்தை மனு வேறு, இதில் இருப்பதை அதில் எழுத மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு வேறு வக்கீலைத் தேடிப் போனாலும் போகட்டும்.

பெண்ணுக்கு இப்போது பதினொரு வயது. அம்மாவிடம் இருக்கிறாள், சனி ஞாயிறு என்னிடம் வருகிறாள். வழக்குக் கட்டு என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. போன வாரம் வேறு எதையோ எடுக்க ஸ்டூல் போட்டு ஏறியவள், கட்டின் மேல் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, என்னைப் பத்தியா?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கட்சிக்காரர்களில் ஒருவன்