புது லேப்டாப் வாங்குவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம், ஆமை வேகத்தில் ஓடும் லேப்டாப்பைத் திட்டியே தீர்த்திருக்கிறாய். திட்டிய வேகத்திலும் எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர், 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் இடம்), 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று விவரத்தை எழுதிவிட்டாயே, அது போதும். நேராகவே சொல்கிறேன்: இப்போதைக்குப் புதுசு வாங்காதே. உன் ப்ராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கையைக் கட்டிப்போட்டிருப்பது ஹார்ட் டிஸ்க்கும், போதாத ரேமும்தான்.

நீயே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் வந்து ஐந்து நிமிடம் கழித்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு (அதாவது ப்ராசசர்) பத்து இருபதிலேயே உலாவிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த 100 முழுவதும் டிஸ்க்கின் குற்றம் என்றும் சொல்ல முடியாது. 4 ஜிபி ரேம் நிரம்பியதும், உடனே தேவைப்படாததை விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். நீ பிரவுசரில் பழைய டேபைத் தொட்டதும் திரும்ப இழுத்து வரும். சுழலும் டிஸ்க்கில் ஹெட் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ப் படிக்கவே பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். சிதறிக் கிடப்பதை விநாடிக்கு நூறு முறைகூட எடுக்க முடியாது. சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் முறை செய்யும். அதனால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, கூடுதல் ரேம் இரண்டும் வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் எஸ்எஸ்டி.

விண்டோஸுக்காகவும் புதுசு வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை என்பதால் உன் மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனில் இருக்கட்டும்.

இனி, எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ரேம் செருக மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, ஃபார்ம் ஃபேக்டர் (வடிவம்) என்ன என்று இருக்கும். 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அந்த ரேம் போர்டோடு சால்டர் ஆனது, அசைக்க முடியாது. ஆனால் பக்கத்தில் காலி ஸ்லாட் ஒன்று இருக்கலாம். பிறகு உன் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலை இறக்கிக்கொள். எந்த ஸ்குரூ எங்கே, எம்.2 ஸ்லாட் (பட்டை போன்ற எஸ்எஸ்டி கார்டைச் செருகும் இடம்) உண்டா, அதில் எது ஓடும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் அந்த எம்.2. அது வெறும் வடிவத்தின் பெயர். அதே வடிவத்தில் பழைய வகை இணைப்பான சாட்டாவும் வரும், அதைவிட வேகமான என்விஎம்இயும் வரும். என்விஎம்இ கார்டின் முனையில் வழக்கமாக ஒரு வெட்டு, சாட்டா கார்டில் பெரும்பாலும் இரண்டு வெட்டு. இரண்டு வெட்டுள்ள கார்டு இரண்டு வகை ஸ்லாட்டிலும் அழகாக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தும் பயாஸில் பெயர் வராமல் போகலாம், ஏனென்றால் சில ஸ்லாட்டுகளுக்கு என்விஎம்இ மட்டும், சிலவற்றுக்கு சாட்டா மட்டும்தான் இணைப்பு போயிருக்கும். ஆகவே ஸ்லாட்டைப் பார்த்து முடிவு செய்யாதே, மேனுவலைப் பார். நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242 அளவுக்கு மட்டும் இடம் விட்ட லேப்டாப்களும் உண்டு. எம்.2 ஸ்லாட்டே இல்லையென்றால் 7 மிமீ தடிமனுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, உன் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும்.

வேகத்தை நினைத்து ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. சாட்டா விநாடிக்கு 550 எம்பி வரை. உன் லேப்டாப் காலத்து என்விஎம்இ ஸ்லாட் (பிசிஐஇ 3.0, நான்கு லேன்) 3,500 எம்பி வரை. டப்பாவில் 7,000 என்று போட்ட பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி வாங்கினாலும் அது ஸ்லாட்டின் வேகத்துக்கே இறங்கி ஓடும். அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் காசை 500 ஜிபியிலிருந்து 1 டிபிக்குப் போகக் கொடு. உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் சிப் டிஎல்சி வகையா (ஒரு செல்லில் மூன்று பிட்), க்யூஎல்சி வகையா (நான்கு பிட்) என்று மட்டும் பார். க்யூஎல்சியில் ஆரம்பத்தில் எல்லாம் வேகம்தான். பெரிய ஃபைல் ஒன்றை நகல் எடுக்கும்போது உள்ளே இருக்கும் வேகமான கேஷ் (தற்காலிக இடம்) நிரம்பியதும், மலிவான சிலவற்றின் எழுதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போய்விடும். ஆயுளைப் பற்றிக் கேட்டிருந்தாய். 500 ஜிபி டிஎல்சிக்கு 300 டெராபைட் எழுதும் வரை வாரன்டி தருவது வழக்கம். தினம் 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 7.3 டெராபைட், கணக்கு நாற்பது வருஷத்தைத் தாண்டுகிறது. அதற்குள் லேப்டாப்பின் கீல் நாலு தடவை உடைந்திருக்கும்.

16 டிபி எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி சல்லிசாகக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைத் தொடாதே. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். அளவைப் பொய்யாகச் சொல்ல அதன் ஃபர்ம்வேரை (உள்ளேயே பதிந்த மென்பொருளை) மாற்றியிருப்பார்கள். நிஜ இடம் தீர்ந்ததும், புதிதாக எழுதுவது காணாமல் போகும் அல்லது பழையதை அழிக்கும். ஃபைல் பெயர்கள் மட்டும் அப்படியே தெரியும். எந்தப் புது டிரைவையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே நம்பு.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யலாமா, புதிதாக விண்டோஸ் போடலாமா? ஏழு வருஷக் குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாம் என்பது என் கட்சி. விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு பதிந்திருப்பதால், அதே எடிஷனை (ஹோம் அல்லது ப்ரோ) போட்டால் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸை ஏற்ற 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். முதலில் உன் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடு. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பழைய டிஸ்க்கின் 05, சி5 என்ற இரண்டு வரிகளையும் பார்; கெட்டுப்போன இடங்களைச் சொல்பவை அவை. ரா மதிப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால் நகல் எடுப்பதை நாளைக்குத் தள்ளாதே. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் 48 இலக்க ரிகவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதி வை. நீ போடாமலேயே விண்டோஸ் அதைப் போட்டிருக்கலாம். விண்டோஸ் ஏற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கக் கூடாது. இரண்டும் இருந்தால் பூட் பார்ட்டிஷனை (மெஷின் தொடங்கத் தேவையான பகுதி) பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிடலாம்; பிறகு ஒருநாள் அதைக் கழற்றினால் மெஷின் எழுந்திருக்காது.

இன்னொன்று. 2018 வாக்கில் வந்த சில லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட்டில் 16 ஜிபி இன்டெல் ஆப்டேன் கார்டு இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குக் கேஷாக ஓடுவது அது. இருந்தால், இன்டெல் ஆர்எஸ்டி மென்பொருளில் அதை டிசேபிள் செய்த பிறகே கழற்று.

கழற்றும் நாளன்று ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடு. அப்போதுதான் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்கு. ஸ்குரூ தலை மழுங்காமலிருக்க பிஎச்0 அளவு (கூட்டல் குறி முனை) ஸ்குரூ டிரைவரைப் பயன்படுத்து. லேப்டாப்பின் அடிப்பாகத்தை ஒரு காகிதத்தில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நீளம் வேறு. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று ஸ்குரூக்கள் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். மூடி வர மறுத்தால் இழுக்காதே, இன்னும் ஒரு ஸ்குரூ பாக்கி என்று அர்த்தம். பிளாஸ்டிக் கார்டால் ஓரத்தை மெல்ல நெம்பு. திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்து. குத்தவோ அழுத்தவோ கூடாது, தெரிந்தவரிடம் கொடுத்து அதை மாற்று.

எம்.2 கார்டை சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, படுக்க வைத்து, முனையில் ஸ்குரூ போட வேண்டும். காலி ஸ்லாட்டில் அந்த ஸ்குரூ பெரும்பாலும் இருக்காது, பல எஸ்எஸ்டி டப்பாக்களிலும் வராது. ஆகவே எம்2 அளவில் (2 மிமீ விட்டம்; ஸ்லாட்டின் எம்.2 வேறு) 3 மிமீ நீளமுள்ள ஒன்றை முன்கூட்டியே வாங்கி வை. ரேமும் இதே சாய்வில்தான். தங்க முனைகளைத் தொடாதே. அவை ஏறக்குறைய மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும்.

ரேமில் உனக்கு டிடிஆர்4 எஸ்ஓடிம், 8 ஜிபி ஒன்று போதும். அதன் மேல் வேகம் 3200 என்று இருந்தாலும் உன் மெஷின் தாங்கும் வேகத்துக்கு இறங்கி ஓடிக்கொள்ளும். 4-உம் 8-உம் சேர்ந்து 12 ஆனால் ஒத்துவராது என்பார்கள், காதில் வாங்காதே. முதல் 8 ஜிபி இரட்டைச் சானலிலும் (இரண்டு பாதையில் ஒரே நேரத்தில்) மீதி 4 ஒற்றைச் சானலிலும் ஓடும், உன் வேலைக்கு வித்தியாசமே தெரியாது. மாட்டிய அன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிடு. ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடு.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகும் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதம் அழிக்காமல் வை. எடுக்க மறந்த ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அப்புறம் யுஎஸ்பி கேஸில் போட்டு, இரண்டாவது நகலுக்கு மட்டும் வைத்துக்கொள். அதுதான் ஒரே நகல் என்று ஆக்கிவிடாதே.

மேனுவலில் எம்.2 ஸ்லாட்டைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. அதற்குள் ஆர்டர் போட்டுவிடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
மணி