ஒன் சிட்டிங் டிகிரி வேணாம்டா

கார்த்தி,

நீ அனுப்புன அந்த ஏஜென்ட் மெசேஜ முழுசாப் படிச்சேன். ஒன் சிட்டிங் பிகாம், 2016 பாஸ் அவுட்னு மார்க்‌ஷீட், யுஜிசி (யுனிவர்சிட்டிங்கள மேற்பாக்கற மத்திய அரசு அமைப்பு) அப்ரூவ்டு, எம்பசி அட்டெஸ்டேஷனும் அவங்க பொறுப்பாம். டிகிரி இல்லாம ஷார்ஜால சூப்பர்வைசர் போஸ்ட் தர மாட்டேங்கறாங்கன்ற உன் கஷ்டம் புரியுது, ஆனா மூணு வருஷப் படிப்ப ஒரே நாள்ல, அதுவும் பழைய வருஷம் போட்டுத் தர்றேன்னு ஒருத்தன் சொன்னா அது யுனிவர்சிட்டி இல்லடா, பிரிண்டிங் பிரஸ்.

நான் யுனிவர்சிட்டி எக்ஸாம் செக்‌ஷன்ல குப்பை கொட்டுனவ. கம்பெனிங்க, கவர்மென்ட் ஆபீஸ்னு எல்லா இடத்துல இருந்தும் இந்த சர்டிபிகேட் நிஜந்தானான்னு கேட்டு கட்டு கட்டா லெட்டர் வரும். ஜெராக்ஸப் பாத்தா சீலு, கையெழுத்து எல்லாம் எங்களோடத விட பளிச்சுனு இருக்கும், ரெஜிஸ்டர எடுத்து அந்த நம்பரத் தேடுனா வேற ஏதோ ஒரு பொண்ணு பேரு, மேஜர் விலங்கியல். "நாட் ஜென்யூன்"னு ஒரு வரி டைப் பண்ணி அனுப்பிருவோம். அதோட அந்தப் பையன் வேலை போச்சு, சிலதுக்கு போலீஸ் கேஸும் ஆகும். ஏஜென்ட் பேரு அந்த லெட்டர்ல எங்கயும் இருக்காது.

கவர்மென்ட் என்ன பண்ணுதுன்னு கேப்ப. 1956 யுஜிசி சட்டத்துலயே இருக்கு, பார்லிமென்ட்டோ சட்டசபையோ சட்டம் போட்டு வந்த யுனிவர்சிட்டி, இல்ல நிகர்நிலைன்னு அறிவிச்சது, இல்ல பார்லிமென்ட் தனியா அதிகாரம் குடுத்தது, இதத் தவிர கண்டவனும் டிகிரி குடுக்கக் கூடாது. மீறுனா என்ன தண்டனைன்னு அதே சட்டத்துல பாரு, அதிகபட்சம் 1000 ரூபா அபராதம்! உங்கிட்ட அவன் கேக்கறது 85,000. யுஜிசி போலி யுனிவர்சிட்டி லிஸ்ட்னு ஒண்ணு போடும், டெல்லி அட்ரஸ்தான் நிறைய, தரியாகஞ்ச்ல 'கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட்'னு ஒண்ணு எத்தனையோ வருஷமா அதுல குடியிருக்கு. லிஸ்ட்ல இல்லியேம்மான்னு சொல்லாத, இன்னும் மாட்டலன்னு கூட அர்த்தம் இருக்கலாம், அதுவும் போக நிஜ யுனிவர்சிட்டி பேர்லயே போலி அடிக்கறவன லிஸ்ட் என்ன பண்ணும்.

சட்டம் போட்டுத் தொறந்ததே ஊத்திக்கிட்ட கதையும் உண்டு. சத்தீஸ்கர்ல 2002ல ஒரு சட்டத்த வெச்சு கெசட்லயே அறிவிச்சு நூத்துக்கு மேல தனியார் யுனிவர்சிட்டி, நிறையதுக்கு ஒழுங்கா ஒரு கட்டடம் கூட கிடையாது. யுஜிசி தலைவரா இருந்த யஷ்பாலே கேஸ் போட்டு, 2005ல சுப்ரீம் கோர்ட் அத்தனையும் செல்லாதுன்னு சொல்லிருச்சு.

உங்கிட்ட பிளஸ் டூ இருக்கு. இக்னோவுலயோ நம்ம தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயோ போடு, யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு (டெப்) சைட்ல அந்த வருஷத்துக்கு, அந்த கோர்ஸுக்கே பர்மிஷன் இருக்கான்னு பாத்துட்டு பணம் கட்டு. மூணு வருஷம் ஆகும், ஆகட்டும்.

அப்புறம் அந்த ஆளுகிட்ட உன் மார்க்‌ஷீட் ஒரிஜினல் எதாவது குடுத்துருக்கியா? குடுத்திருந்தா இன்னைக்கே சொல்லு, அப்பா போய் வாங்கிட்டு வருவாரு.

அம்மா