ஏரோ பறக்கிறது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

போன கிழமையில் இருந்து சிஎஃப்-105 ஏரோ என்ற பழைய கனடியப் போர் விமானம் எங்கள் விமானப் போர் சிமுலேட்டரில் எல்லோருக்கும் கிடைக்கிறது. இறக்கிப் பறந்து பார்த்தவர்கள் எனக்கு நன்றி சொல்லி எழுதுகிறீர்கள். அதில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குப் போகவேண்டியது. யார் என்ன செய்தார்கள் என்று எல்லோரும் அறிய எழுதிவைக்க வேண்டும் என்று பட்டது. பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் உதவிய ஒருவரின் பெயரையும் போடவில்லை. தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்பது அவரவருக்கு விளங்கும்.

கனடாவில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்த விமானத்தைத் தெரியாது. இன்று பியர்சன் விமான நிலையம் இருக்கும் மால்டனில் அவ்ரோ கனடா நிறுவனம் கட்டிய போர் விமானம் இது. வடதுருவம் தாண்டி வரக்கூடிய சோவியத் குண்டுவீச்சு விமானங்களை மறிப்பதுதான் நோக்கம். 1957 அக்டோபர் 4 அன்று முதல் விமானத்தை வெளியே கொண்டுவந்தார்கள். ஸ்புட்னிக் ஏவப்பட்டதும் அதே நாள். 1958 மார்ச் 25 அன்று சோதனை விமானி யானுஷ் ஜுராகோவ்ஸ்கி அதை முதன்முதலாக ஓட்டினார். 1959 பெப்ரவரி 20 அன்று பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசு திட்டத்தையே நிறுத்தியது. ஒரே நாளில் 14,000 பேருக்கு மேல் வேலை போனது. பறந்த ஐந்து விமானங்களையும், முடியும் தறுவாயில் இருந்த ஆறாவதையும் வெட்டித் துண்டாக்கினார்கள். ஆறாவதின் மூக்குப் பகுதி மட்டும் ஒட்டாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, போய்த் தொட்டு அளந்து பார்க்க ஒரு முழு விமானம்கூட உலகத்தில் இல்லை. அதனால்தான் இந்த வேலை தனி ஆளால் முடியாததாக இருந்தது.

முதல் நன்றி, எங்கள் குழுவில் இல்லாத ஒருவருக்கு. அவ்ரோவில் வரைபடப் பிரிவில் வேலைசெய்த கென் பார்ன்ஸ், அழிக்கச் சொல்லி உத்தரவு வந்த வரைபடங்களில் ஒரு தொகுதியை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். 2020-ல் அவை சாஸ்கடூனில் மக்கள் பார்வைக்கு வந்தன. அவரைப் போன்றவர்கள் வைத்துக் காத்ததால்தான் ஏரோவைப் பற்றி இன்று எவராலும் உறுதியாக எதையும் சொல்ல முடிகிறது.

ஸ்காபரோவில் இருக்கும் தம்பி, விமானத்தின் முழு உருவத்தையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் கட்டினார். இறக்கையின் முன்விளிம்பில் பாதி தூரத்தில் ஒரு வெட்டும், அதற்கு அப்பால் முன்னே நீளும் ஒரு பல்லும் இருக்கின்றன அல்லவா, அந்தச் சின்ன இடத்துக்காக அவர் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். பொழுதுபோக்குக்காகச் செய்யும் வேலையில் இவ்வளவு பொறுமையை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. ஒன்ராறியோவின் எடன்வேல் விமானத் தளத்தில் இருக்கும் முழு அளவு மாதிரி விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து அனுப்பிய நண்பர்களுக்கும் அவர் சார்பில் நன்றி.

இனி, விமானம் தரையில் ஓடவும் இறங்கவும் உதவும் சில்லுக்கால்கள். என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏரோவின் இறக்கை மிக மெல்லியது. அதற்குள் அவ்வளவு நீளமான காலை அப்படியே மடித்து வைக்க இடம் இல்லை. ஆகவே கால் மேலே போகும்போதே குறுகும், குறுகிக்கொண்டே திரும்பும். வரைபடத்தைப் பார்த்தால் இது தலை சுற்றும். இளம் வயதில் மால்டனில் வேலைசெய்த பெரியவர் ஒருவர் ஜூம் அழைப்பில் தன் முன்னங்கையை நீட்டினார். முழங்கையை மடக்கிக்கொண்டே மணிக்கட்டை உள்பக்கம் திருப்பினார். “இவ்வளவுதான்” என்றார். தொண்ணூறு தாண்டிய கை, கொஞ்சம் நடுங்கியது. அந்த அசைவைப் பார்த்துத்தான் தம்பி சிமுலேட்டரில் காலை மடக்கினார். 1958 ஜூனில் முதல் விமானத்தின் இடது கால் சரியாகத் திரும்பி முடியாமல், விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் போனதையும் அந்தப் பெரியவர்தான் எங்களுக்கு விளக்கினார். வேகம் கூடிய நிலையில் காலை இறக்கினால் உங்களுக்கும் அது நடக்கும்; அவர் கேட்டுக்கொண்டதால் சேர்த்தது. ஐயா, உங்களுக்கு நான் என்ன சொன்னாலும் போதாது.

சிமுலேட்டரில் விமானம் எப்படிப் பறக்கும் என்று கணக்கிடும் பறப்பு மாதிரியைச் செய்தவர் மொன்றியலில் விமானப் பொறியியலாளராக இருக்கும் அக்கா. பறந்த ஐந்து ஏரோக்களிலும் இருந்தவை பிராட் அண்ட் விட்னி ஜே75 எஞ்சின்கள். விமானம் வடிவமைக்கப்பட்டதோ அதைவிடப் பாரம் குறைந்த இராக்குவா எஞ்சினுக்கு. பின்பக்கம் பாரம் கூடியதால் மூக்கில் எடை வைத்துச் சமன்செய்தார்கள். அக்கா அந்த எடையையும் கணக்கில் சேர்த்தார். சேர்த்த அன்றே விமானத்தின் குணம் மாறியது. அதுவரை மூக்கைத் தூக்கிக்கொண்டு தள்ளாடியது அடங்கியது. ஒன்ராறியோ ஏரியின் மேல் ரொக்கெட்டில் ஏவிய சிறு மாதிரிகள் பற்றிய பழைய அறிக்கைகளை வரிவரியாகப் படித்தவரும் அவர்தான்.

அவரிடம் இருந்து நான் பெற்றதில் பெரியது பிடிவாதம். ஏரோ மாக் 3, அதாவது ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகம் போயிருக்கும், எதையும் வென்றிருக்கும் என்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் பலர். மாக் 1.5 வேகத்தில், 50,000 அடியில், வேகமும் உயரமும் குறையாமல் 2 ஜி (புவியீர்ப்பைப் போல் இரு மடங்கு விசை) திருப்பம் வேண்டும் என்று விமானப் படை கேட்டது உண்மை. அந்தக் கதைகளும் இந்தத் திருப்பமும் சிமுலேட்டரில் நடக்கும்படி பறப்பு மாதிரியின் எண்களைத் திருகச் சொல்லிச் சிலர் நெருக்கியபோது அக்கா கதைத்தது இவ்வளவுதான்: “கேட்டது ஒன்று, பறந்து அளந்தது இன்னொன்று.” பறந்து காட்டிய உச்ச வேகம் மாக் 1.98. எங்கள் விமானமும் அதோடு நிற்கும். எங்கள் ஏரோவுக்கு மதிப்பு இருக்கிறது என்றால் அது இந்த மறுப்பில்தான் இருக்கிறது.

ஏவுகணை பற்றிய வாக்குவாதமும் அப்படியே தீர்ந்தது. உண்மையான ஏரோ ஒருபோதும் ஏவுகணை சுட்டதில்லை. ஆயுதப் பெட்டிக்குள் அளவீட்டுக் கருவிகளோடுதான் பறந்தது. போர் சிமுலேட்டரில் ஆயுதம் இல்லாத விமானமா என்று கேட்டவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. சோதனைக் குழுத் தலைவர் இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்: உண்மையில் பறந்த வடிவமான மார்க் 1 இருந்தபடியே இருக்கும், ஃபால்கன் ஏவுகணையும் இராக்குவாவும் கொண்ட மார்க் 2, “நடந்திருக்கக்கூடியது” என்ற தலைப்பின் கீழ்த் தனியாக வரும். நல்ல தீர்ப்பு. அவரும் அவரோடு இரவிரவாகப் பறந்து பிழை பிடித்தவர்களும் இல்லாமல் இதை வெளியிட எனக்குத் துணிவு வந்திராது.

ஒலிக்கு உதவிய அமெரிக்க நண்பருக்கும் நன்றி. அதே ஜே75 அமெரிக்காவின் எஃப்-106 போர் விமானத்திலும் இருந்தது. அதன் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித் துப்புரவாக்கிக் கொடுத்தார். எஞ்சினின் பின்புறத்தில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் எரிபின்னி பற்றும்போது வரும் அந்த இடி அவருடைய கைவண்ணம்.

வீட்டில் இவ்வளவு நாளும் பொறுத்துக்கொண்ட எல்லோருடைய குடும்பங்களுக்கும் நன்றி.

சரி, புதிதாகப் பறக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கும்போது மூக்கு உயர்ந்தே இருக்கும், ஓடுபாதை சரியாகத் தெரியாது, பதறாதீர்கள். வேகத்தைக் குறைக்க அவசரப்படவேண்டாம். சில்லு தரையில் பட்டதும் பாரசூட்டை விடுங்கள். பிழை ஏதும் கண்டால் எனக்கு எழுதுங்கள், உரியவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஏரோ குழுவின் சார்பில்