தலைகீழாக வந்த பூ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஓசூரில் குளிர் இன்னும் விடவில்லை. மாமரமெல்லாம் பூத்துவிட்டது. கூட வரும் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

கடைசி பெங்களூரா மாங்காய்த் துண்டுக்கு நீயும் தம்பியும் பூவா தலையா போட்டுச் சண்டை பிடிப்பீர்களே, அதற்கென்றே ஒரு நாணயம் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரு பக்கம் மாம்பூ, மறுபக்கம் உன் ஆயாவின் தலை. முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் செதுக்குகிற வி.எம்.சி. மெஷினைத் தந்தார். ஸ்கிராப்பில் 5 மி.மீ. பித்தளை பிளேட் கிடந்தது. நாணயத்தின் அகலம் 40 மி.மீ., கனம் 4 மி.மீ. சிங்க முத்திரையோ ரூபாய் மதிப்போ போடவில்லை. அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது.

ஆயா முகம்தான் பாடாய்ப் படுத்தியது. போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, வெளுப்பெல்லாம் மேடு, கறுப்பெல்லாம் பள்ளம் என்று மாற்றிப் பார்த்தேன். நரைமுடி மலையாக எழும்பியது, கண் இரண்டும் கிணறு. வெளிச்சம் வேறு, உயரம் வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. அப்புறம் கன்னம், தாடை, காது என்று ஒவ்வொன்றாக நானே மேடு ஏற்றினேன். மொத்த உயரமே 0.6 மி.மீ. அதற்குள் மூக்கு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் கன்னத்தைத் தாழ்த்த வேண்டும். கன்னத்தைத் தாழ்த்தினால் ஆயா சீக்காளி மாதிரி ஆகிவிடுகிறாள். பதினைந்து ராத்திரி இதே வேலை. மூக்குத்தி மட்டும் முதல் தடவையே அழகாக உட்கார்ந்தது.

எழுத்திலும் வம்பு. உருண்டை முனை உள்ள 1 மி.மீ. பால் நோஸ் டூல் நுழையாத சந்து வெட்டுப்படாது. 'கிருஷ்ணகிரி'யில் ண-வின் சுழி அடைத்துக்கொண்டது. புடைப்பெழுத்தை விட்டுவிட்டு, கூர்முனை டூலால் குழியாகவே வெட்டிவிட்டேன்.

சின்ன வயதில் நாணயத்தில் வருஷத்துக்குக் கீழே, அச்சடித்த ஊரின் குறி தேடுவாயே, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, வைரம் என்றால் மும்பை, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. நம்முடையதில் அந்த இடத்தில் ஒரு மாங்காய் இருக்கும், பார். அவர்கள் அச்சு வைத்து ஒரே அடியில் அடித்துவிடுவார்கள். நமக்கு, ரஃபிங் என்கிற முரட்டு வெட்டு முடிந்தபின் பால் நோஸ் 0.05 மி.மீ. தள்ளித் தள்ளி 800 கோடு ஓட வேண்டும். ஒரு பக்கத்துக்கே 50 நிமிஷம். பித்தளை ஊசி ஊசியாகப் பறந்து சட்டைக்குள் போய், இரண்டு நாள் குத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே மையத்தில் வர வேண்டுமே. பிளேட்டின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் 6 மி.மீ. துளை போட்டு ரீமர் விட்டு அளவைத் துல்லியமாக்கி, அதில் கச்சிதமாக உட்காரும் இரண்டு டோவல் பின்னை அடியில் வைத்தேன். பிளேட்டைப் புரட்டிப் போட்டாலும் அதே பின்னில் உட்காரும். இத்தனை வருஷப் பழக்கத்தில் பிளேட்டை என் பக்கமாகப் புரட்டிப் போட்டு, டயல் வைத்து மையத்தைப் பார்த்தேன். முடி அளவு கூடப் பிசகவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே பட்டனை அழுத்திவிட்டேன்.

நாணயத்தைப் பிளேட்டோடு பிடித்திருந்த மூன்று கண்ணியையும் அறுத்து, அரம் போட்டு, ஆயாவைப் பார்த்துவிட்டு நம் ஊர் ரூபாயைத் திருப்புகிற மாதிரி பக்கவாட்டில் திருப்பினேன். பூ தலைகீழாகத் தொங்கியது! மேலிருந்து கீழாகப் புரட்டிய பிளேட்டில், பூவின் படத்தை 180 டிகிரி திருப்பி வைத்திருக்க வேண்டும். முப்பது வருஷ மெஷின்காரன், அதை மறந்தேன். மறுவாரம் இன்னொன்று போட்டேன், அது சரியாக வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன தடவை கொண்டுவந்த அமெரிக்க குவார்ட்டர், அதுதான் கால் டாலர் காசு, ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. சும்மா எடுத்துத் திருப்பினேன். அதுவும் தலைகீழ்! உங்கள் ஊர்க் காசையே மேலிருந்து கீழாகத்தான் திருப்ப வேண்டுமாம். அதனால் சரியாக வந்தது தம்பிக்கு. முதலில் வந்தது உனக்கு. அங்கே யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

உன் அம்மா இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கு ஆயாவுடையது இல்லை, உன்னுடையதாம்.

அன்புடன்,
அப்பா