காப்பீடு இல்லாத வண்டி மோதிய பிறகு: குடியாத்தத்து நண்பனுக்கு

வேலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வாலாஜா அருகே உன் கார் மீது சரக்கு வண்டி மோதியதையும், பெரிய காயம் எதுவுமின்றி நீயும் தங்கையும் வீடு வந்து சேர்ந்ததையும் படித்து நிம்மதியடைந்தேன். மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்றும், "ஐயாயிரம் தருகிறேன், இனிப் பிரச்சினை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று அந்த மனிதர் தினமும் போன் செய்கிறார் என்றும் எழுதியிருந்தாய். தயவுசெய்து எழுதிக் கொடுக்காதே. இதைச் சொல்லத்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

சென்ற ஆண்டு கிரீன் சர்க்கிளில் என் காருக்கும் ஏறக்குறைய இதுதான் நேர்ந்தது. சிக்னலில் நின்றிருந்தபோது, காய்கறி மூட்டை ஏற்றி வந்த குட்டி யானைச் சரக்கு வண்டி ஒன்று பின்னால் இடித்தது. இறங்கிப் பார்த்தால் பம்பர் உடைந்திருந்தது, வலப்பக்க டெயில் லைட் நொறுங்கியிருந்தது, வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கூடியிருந்தவர்கள் நாலாயிரம் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். பட்டறையில், சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் டிக்கியைத் திறந்து, விரிப்பை விலக்கி, ஸ்டெப்னியைத் தூக்கிக் காட்டியபோதுதான் உண்மைச் சேதம் தெரிந்தது. ஸ்டெப்னி உட்காரும் குழியின் தகடு கசங்கிய துணியைப் போல மடிந்திருந்தது. பம்பருக்கு உள்ளே இருக்கும் குறுக்கு இரும்பு வளைந்துபோய், டிக்கிக் கதவு ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளியோடு மூடியது. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. சாலையோரத்தில் நின்றபடி எவராலும் அந்தத் தொகையைச் சொல்லியிருக்க முடியாது.

உன்னுடையது சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் ஃபுல் இன்சூரன்ஸ் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் வேலையாக உன் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்றாமல் வை. பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் உன் காருக்கு அவர்களிடமிருந்து ஒரு காசும் வராது; மோதியவர்களிடம்தான் முழுவதையும் கேட்க வேண்டியிருக்கும். ஃபுல் இன்சூரன்ஸிலும் பிடித்தம் உண்டு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கொடுப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள், மூன்று ஆண்டு தாண்டிய என் காருக்கு அது 25 சதவீதம். பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் காப்பீட்டை எடுத்திருந்தால் இந்தக் கழிவுகள் இராது. எனக்கு அந்த வசதி இல்லாததால், கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ஆயிரம் ரூபாயும் போக, இருபத்தொன்பதாயிரம் கிடைத்தது.

கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்று நீ தயங்குவது எனக்குப் புரிகிறது. போகத்தான் செய்யும், தவறு யாருடையதாக இருந்தாலும். ஆனால் அந்தத் தள்ளுபடி உன் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இல்லை. எட்டாயிரம் ரூபாய் பிரீமியத்தில் 35 சதவீதம் என்றால் ஆண்டுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. மீண்டும் அந்த 35 சதவீதத்துக்கு ஏறி வரச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், பெரிய பில்லுக்கு முன்னால் அது சிறு தொகைதான். கீறல் மட்டும் என்றால் கிளெய்ம் போகாதே என்று நானே சொல்வேன்.

எழுதிக் கொடுக்காதே என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் கம்பெனி உனக்குப் பணம் கொடுத்த பிறகு, அதை மோதியவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நீ கையெழுத்துப் போட்டால் அந்த உரிமையை நீயே அழித்தவன் ஆவாய். அதைக் காட்டி அவர்கள் உன் கிளெய்மையும் மறுக்க இடம் உண்டு. ஐயாயிரத்துக்காக இதை இழக்கலாமா?

மோதிய வண்டியின் எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டு, இன்சூரன்ஸ் முடிந்த தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்து வை. விபத்துக்கு மறுநாள் புதுப்பித்துவிட்டு "இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். பின்னால் எடுத்த பாலிசி முன்னால் நடந்த விபத்துக்குச் செல்லாது. விபத்து நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடு. பேசி முடித்துக்கொள்ளச் சொன்னாலும், புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதே. தங்கைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது போல இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். அதை ஓரத்தில் விடாதே. குடியாத்தம் அரசு மருத்துவமனையில் காட்டி, விபத்து என்று சொல்லிப் பதிவு செய்து, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல் வாங்கு. உடலில் காயம் என்றால் வழக்கின் தன்மையே வேறு.

வண்டியை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, ஆர்.சி.யில் பழைய உரிமையாளர் பெயர்தான் இருக்கிறது என்று உனக்குப் போன் செய்யும் அந்த மனிதர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதனால் வழக்கு நிற்காது என்று பயப்பட வேண்டாம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றாமல் வண்டியை விற்றவர் நழுவ முடியாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பொருள் சேதத்துக்கும் மனுப் போடலாம். விபத்து ராணிப்பேட்டை மாவட்டத்தில் நடந்திருந்தாலும், நீ குடியிருக்கும் வேலூர் மாவட்டத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் தள்ளிப் போடாதே. தீர்ப்பான தொகையைக் கட்டாவிட்டால், நிலவரி பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்கவும் வழி இருக்கிறது. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதுமே, ஆர்.சி.யில் பெயர் இருந்தவர் பதறிக்கொண்டு வந்து, காப்பீடு கொடுக்காத பதின்மூன்றாயிரத்தை இரண்டு தவணையாகத் தந்தார். ரசீதில் அந்தத் தொகைக்கு மட்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

என் காரை இடித்த அந்த ஓட்டுநரின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, மை மங்கிய பழைய பாலிசியை இரண்டு கைகளாலும் நீட்டினார். அப்படிப்பட்ட சரக்கு வண்டிக்கு ஓராண்டுத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022ஆம் ஆண்டுக் கட்டணப்படி 16,049 ரூபாய், வரி தனி. நாள் வாடகைக்கு ஓட்டுபவருக்கு அது பெரிய தொகை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைக் கட்ட வேண்டியவர் உரிமையாளர்; கட்டாமல் வண்டியைச் சாலைக்கு அனுப்பியவரும் அவர்தான். முதல் முறை பிடிபட்டால் அபராதம் இரண்டாயிரம்தான் என்பதால் துணிந்துவிடுகிறார்கள். என் காரின் இடத்தில், சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சி.எம்.சி.க்கு நோயாளியை அழைத்துச் செல்லும் ஓர் ஆட்டோ நின்றிருந்தால்? இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வரும், கொடுக்க உரிமையாளரிடம் ஒன்றும் இராது. அதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. காப்பீடு இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் போதிய ஈடு கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதே 2018இல் உத்தரவிட்டது. உன் புகாரில் இதையும் குறிப்பிட்டு, அந்த வண்டியை விடுவிக்க வேண்டாம் என்று கேள்.

மகனின் டூவீலர் 2019இல் வாங்கியதுதானே? புது வண்டியோடு வந்த ஐந்தாண்டுத் தேர்டு பார்ட்டி முடிந்திருக்கும். இன்று இரவே பார்த்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் அழைத்துக்கொண்டு வா. ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் நகல்களும் நீ எடுத்த படங்களும் கையில் இருக்கட்டும். இரவு இங்கேயே தங்கினால், திங்கட்கிழமை காலையில் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போய், எனக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்த வழக்கறிஞரையே பார்த்துவிட்டு வரலாம். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்