கணினி இசைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியில் உருவாகும் இசையைப் பொத்தானை அழுத்தும் வேலை என்று ஒதுக்கிவிடுவோர், அமெரிக்காவின் ஜெரிலின் பேட்டனைப் பற்றி அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். இந்தியானா மாநிலத்தின் கேரி என்ற உருக்காலை நகரைச் சேர்ந்த இவர், ஜேலின் என்ற பெயரில் இசையமைப்பவர். ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இசையமைத்து, 2015-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 தாள அடிகள் என விரையும் சிகாகோவின் 'ஃபுட்வொர்க்' நடன இசையிலிருந்து கிளம்பிய அவருடைய தாளக்கட்டு, பிறகு எந்த வகைக்குள்ளும் அடங்காததாக வளர்ந்தது.

'தேர்ட் கோஸ்ட் பெர்குஷன்' என்ற நால்வர் தாளவாத்தியக் குழுவுக்காக அவர் 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற படைப்பை உருவாக்கிய விதம் வியப்புக்குரியது. அக்குழுவின் வாத்தியங்களுடைய ஒலிகளைப் பதிவுசெய்து, கணினியிலேயே முழுப் படைப்பையும் அமைத்து அனுப்பினார். கலைஞர்கள் அதைக் கேட்டுக் கேட்டுப் பிரித்தெடுத்து, மேடையில் கையால் வாசிக்கும்படி மாற்றினார்கள். தேர்ந்த கலைஞர்களே இவ்வளவு உழைக்க வேண்டியிருந்த ஒன்றை, எந்திரம் தானாகச் செய்துவிட்டதாகச் சொல்வது அநியாயம். 2023-ஆம் ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசின் இறுதிச்சுற்றுக்கு இப்படைப்பு தேர்வானது. பரிசு வேறொரு படைப்புக்குப் போனாலும், அந்தப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மின்னணு இசைக் கலைஞர்களின் உழைப்பையும் உத்திகளையும் விளக்கும் கட்டுரைகளைத் தங்கள் இசைப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை