கதவைச் சாத்தியவரும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் சினிமாப் பக்கத்தில், கடித்துத் தொற்றுப் பரப்பும் நடைபிணங்கள் வருகிற ஸொம்பிப் படங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். தொற்றுப் பரவத் தொடங்குகிற முதல் நாளைக் காட்டும் படங்களில்தான் உயிர் இருக்கிறது, எல்லாம் அழிந்த பிறகு நடக்கிற கதைகளில் தாடியும் துவக்கும் புழுதியும்தான் மிச்சம் என்று கட்டுரையாளர் தீர்த்துச் சொல்லியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, இடம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

நான் பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறேன். இந்தப் படங்களை எனக்குப் பழக்கியவன் அவன்தான். கொள்ளுப்பிட்டி லிபேர்ட்டி பிளாசாவில் டிவிடி வாங்கிவந்து போட்ட காலத்திலிருந்து இருவரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். "முதல்நாள் படம்", "பிறகுப் படம்" என்று எங்களுக்குள் பிரித்துப் பேசுவோம். அவன் முதல்நாள் கட்சி, நான் பிறகுக் கட்சி. சாப்பாட்டு மேசையில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

முதல்நாள் படத்தின் பலம் எனக்குத் தெரியும். யோன் சங்-ஹோவின் 'ட்ரெயின் டு பூசான்' 2016இல் வந்தது. சோலிலிருந்து பூசானுக்கு ஓடும் கடுகதி ரயிலுக்குள்தான் கதையின் பெரும்பகுதி. பெட்டி பெட்டியாக அடிபட்டுத் தப்பி வருகிறவர்களுக்கு, பத்திரமாய் இருக்கிற பெட்டியின் ஆட்கள் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். உள்ளே வந்துவிட்டவர்களையும் "உங்களுக்குத் தொற்று இருக்கும்" என்று சொல்லி அப்பால் துரத்தி, கதவை இழுத்துக் கட்டுகிறார்கள். வெளியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தன் சகோதரி மாறிப்போய் நிற்பதைக் கண்ட ஒரு முதியவள் எழும்பிப் போய் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறாள். இந்தக் கட்டத்தை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வயிறு பிசையும். ஆபத்து வருகிற அன்று யார் கதவைத் திறப்பார், யார் சாத்துவார் என்ற கேள்வியை இதைவிட நேராக எந்தப் படமும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் கதவைச் சாத்தத் தூண்டிய கம்பனி அதிகாரிக்கு முடிவில் என்ன நடக்கிறது? அவனும் கடிபட்டு, மாறி, ஒழிந்துபோகிறான். கணக்குத் தீர்ந்துவிடுகிறது. முதல்நாள் படம் எதுவானாலும் இப்படித்தான் கணக்கை அவசரமாகத் தீர்க்கும். சாத்தியவன் செத்துப்போவான், திறந்தவரும் அநேகமாகச் செத்துப்போவார், படம் முடியும்.

1983 யூலை 25, திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது எங்கள் ஒழுங்கையில் எதிர்வீட்டுச் சிங்கள அம்மா பின்பக்கக் கேற்றைத் திறந்து எங்கள் ஆறு பேரையும் உள்ளே எடுத்தார். அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டில் எங்கள் அம்மா தட்டத் தட்ட ஜன்னலைச் சாத்தினார்கள். இது முதல் நாள். இதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அகதி முகாம், கப்பல், வடக்கே காங்கேசன்துறை, பிறகு அப்பாவின் வேலைக்காகத் திரும்பவும் அதே ஒழுங்கை. ஜன்னலைச் சாத்தியவரும் அங்கேதான் இருந்தார். பஸ் தரிப்பிடத்தில் அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். நாங்கள் இல்லாத காலத்தில் எங்களுக்கு வந்த கடிதங்களை அவர் கட்டி வைத்திருந்து, ஒருநாள் கொண்டுவந்து தந்தார். அம்மா வாங்கிக்கொண்டார். "இருங்கோ" என்று சொல்லவில்லை, பிளேன்ரீ ஊற்றவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கொக்கிஸும் கெவுமும் தட்டில் வந்தன. அம்மா தட்டைக் கழுவி வெறுந்தட்டாகவே திருப்பி அனுப்பினார். எங்கள் வீட்டிலிருந்து வெறுந்தட்டுப் போனதை அதற்கு முன் நான் கண்டதில்லை. அடுத்த வருஷமும் தட்டு வந்தது. அந்த முறை அம்மா அதில் நாலு பயத்தம் பணியாரம் வைத்தார். யாரும் யாரையும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவர் இறந்தபோது அப்பா செத்தவீட்டுக்குப் போனார், அம்மா போகவில்லை.

இந்த இடத்துக்கு ஒரு முதல்நாள் படத்தால் வரவே முடியாது. நான் பிறகுக் கட்சியில் நிற்பது இதனால்தான்.

கட்டுரையாளருடைய சலிப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பிறகுப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்துவிடுகிறார்கள். 'ட்ரெயின் டு பூசா'னுக்குப் பின் வந்த 'பெனின்சுலா' நான்கு வருஷம் தாண்டுகிறது. கார் துரத்தலும் துவக்குச் சூடும்தான் மிச்சம். 2010இல் தொடங்கிய 'த வோக்கிங் டெட்' தொடரின் பொலிஸ்காரர் கோமாவில் கிடந்து எழும்புகிறார். 2002இல் டானி பொயில் எடுத்த '28 டேஸ் லேட்டர்' படத்திலும் நாயகன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படியே எழும்புகிறான். நடந்தது எல்லாம் அவர்கள் நித்திரையில் இருக்கும்போதே நடந்து முடிந்துவிட்டது. அழிவுக்கும் வெறுந்தெருவுக்கும் நடுவிலே உள்ள கிழமைகளும் மாதங்களும்தான் எனக்கு வேண்டும். அவற்றைத்தான் இவர்கள் தூக்கி எறிகிறார்கள்.

அந்த '28 டேஸ் லேட்டர்' படத்தில், ஆளில்லாத லண்டனில் நடந்துவரும் இளைஞன் பிக்கடிலி சேர்க்கஸில் ஒரு சிலையடியில் நிற்கிறான். சுற்றிவர, காணாமற்போனவர்களைத் தேடிச் சனம் ஒட்டிவிட்டுப்போன படங்களும் கடிதங்களும். சில விநாடிதான், கதை ஓடிவிடுகிறது. நான் மகனிடம் நிறுத்தச் சொல்லி, பின்னால் போகச் சொல்லி, திரும்பப் பார்த்தேன். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போராட்டத்தில் குந்தியிருக்கும் தாய்மாரை பஸ்ஸில் போகையில் கண்டவர்களுக்கு நான் ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று விளங்கும். ஒட்டிய கை எது, எந்தப் பசையால் ஒட்டினார்கள், அடுத்த நாளும் வந்து பார்த்தார்களா? அந்தச் சிலையடியிலேயே முழுப் படத்தையும் எடுத்திருக்கலாம்.

2004 சுனாமி நேரம் நான் கிழக்கில் வேலை செய்தேன். அடுத்த மாதங்களில் என் மேசைக்கு முன்னால் வந்தவர்களை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். சமையல் பாத்திரத்துக்கு 2,500 ரூபாய், குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் என்று கொடுப்பனவு வந்தது. குடும்ப அட்டை புருஷனின் பெயரில். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் எடுப்பது எப்படி? அதற்கென்று 2005இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். கணவனைப் பதிந்தால் செத்தவனாக்கிவிடுவோமே என்று படிவத்தை நிரப்பாமல் மூன்று தரம் எழும்பிப்போன ஒரு பெண் நாலாம் தரம் வந்து, பேனையை என்னிடமே தந்து, "நீங்களே எழுதுங்கோ மிஸ், நான் எழுதமாட்டன்" என்றாள். எந்த ஸொம்பியும் எனக்கு அந்தப் பேனையைவிடப் பயங்கரமாகத் தெரிந்ததில்லை.

கொவிட் காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கும் இது புதிதல்ல. 2020 மார்ச் 20இல் போட்ட ஊரடங்கு கொழும்பில் மே கடைசி வரை நீண்டது. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்று யார் வெளியே போகலாம் என்று தீர்மானித்தார்கள். எங்கள் பிளாட்டில் கீழ்மாடிப் பெண்ணொருவர் வீட்டுவீடாக இலக்கத்தை எழுதிக் கதவடியில் ஒட்டி, அவரவர் நாளில் போகிறவர் மற்றவர்களின் மருந்துச் சிட்டையையும் கொண்டுபோக ஒழுங்கு செய்தார். அதே காலத்தில்தான் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும் வரை அந்தக் குடும்பங்கள் பட்டது சொல்லில் அடங்காது. பிறகு கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கினார்கள். ஸொம்பிப் படங்களில் உடல்களைக் குவித்து எரிப்பது பின்னணிப் புகையாக மட்டும் வந்துபோகும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

'த லாஸ்ட் ஒஃப் அஸ்' தொடர் (2023) அதில் ஒரு விதிவிலக்கு. அதுவும் இருபது வருஷம் தாண்டித்தான் போகிறது. என்றாலும் முதல் அத்தியாயத்திலேயே நாயகன் ஜோவல் உடல் எரிக்கும் வேலை செய்கிறான். கூட வேலை செய்யும் பெண் ஒரு குழந்தையின் உடலைத் தூக்க முடியாமல் நிற்க, அவன் வாங்கித் தீயில் போடுகிறான். வேலை முடிந்ததும் கூலிக்குக் கூப்பன் வாங்கிக்கொண்டு, நாளைக்கு வேறென்ன வேலை இருக்கிறது என்று கேட்கிறான். தெரு கூட்டுவது, கக்கூஸ் கான் துப்புரவாக்குவது. அந்த இரண்டு நிமிடத்தில் முழு நிர்வாகமே தெரிகிறது. பிறகு தொடர் ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிடுகிறது, எனக்கு அது இழப்பு.

இந்த வகைக்கே தகப்பனான ஜோர்ஜ் ரொமேரோவைப் பாருங்கள். 1968இல் வந்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தில் ஒரே இரவு, ஒரு பண்ணை வீடு. அவரே 1978இல் 'டோன் ஒஃப் த டெட்' படத்தில், பென்சில்வேனியாவின் மொன்ரோவில் என்ற ஊரில் உள்ள ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் நாலு பேரைக் குடிவைத்து மாதங்களைக் காட்டினார். லொறிகளைக் கொண்டு வாசல்களை அடைக்கிறார்கள், உள்ளே இருப்பவற்றைக் கொன்று துப்புரவாக்குகிறார்கள், அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. எதற்கும் உதவாத காசை வங்கியிலிருந்து அள்ளி எடுக்கிறார்கள். கர்ப்பிணியான ஃபிரான், தன்னைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது, ஹெலிகொப்டர் ஓட்டத் தனக்கும் பழக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். கடி, ரத்தம் எல்லாவற்றையும் மறந்தாலும் அந்தப் பேச்சு மறக்காது. முதல் நாளைக் கண்டுபிடித்த மனிதரே அங்கே தங்கவில்லை. 1985இல் 'டே ஒஃப் த டெட்' படத்தில் நிலத்துக்கடியில் விஞ்ஞானிகளும் படையினரும் ஒருவரையொருவர் தின்னாத குறையாக இருப்பதைக் காட்டும் அளவுக்கு நகர்ந்துவிட்டார்.

தமிழில் 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் 'மிருதன்' எடுத்தார். ஊட்டியில் போக்குவரத்துப் பொலிஸாக ஜெயம் ரவி. அதுவும் முதல்நாள் படம்தான். துணிந்து தொடங்கியதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பிறகுப் படத்தை எடுக்க எங்களைவிடத் தகுதியானவர்கள் யார்? கொழும்பில் தொற்று அடங்கி மூன்று மாதம் கழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் ஓடாது, தண்ணீர் மோட்டருக்கு டீசல் வேண்டும், ஜி.எஸ். (கிராம சேவகர்) பட்டியலோடு வருகிறார், கடிபட்டுச் சுகமானவர்கள் இரண்டாம் மாடிக்குத் திரும்பி வருகிறார்கள், அவர்களுக்குக் கதவைச் சாத்தியவர்கள் மூன்றாம் மாடியில். மகன் சொல்கிறான், வரிசையில் நிற்பதைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள் என்று. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று செத்தவர்கள் இருக்கிறார்கள். நாள்கணக்காய் ஓட்டோவுக்குள் படுத்தெழும்பிய எவரிடமாவது கேட்டால், அந்த வரிசைக்குள் எத்தனை கதை நடந்தது என்று சொல்வார்.

இதற்கு மிகக் கிட்ட வந்தது பிபிசியின் 'இன் த ஃபிளெஷ்' என்ற தொடர். டொமினிக் மிச்செல் எழுதியது, 2013இலும் 2014இலும் சேர்த்து ஒன்பதே அத்தியாயம். செத்து எழும்பியவர்களுக்கு மருந்து கொடுத்துக் குணமாக்கி, முகத்துக்குப் பூச்சும் கண்ணுக்கு வில்லையும் கொடுத்து ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். கீரன் என்ற பையன் வீட்டுக்கு வருகிறான். அவனைப் போன்றவர்களை வேட்டையாடிய படையில் இருந்தவள் அவனுடைய சொந்தத் தங்கச்சி. முதல் அத்தியாயத்திலேயே அதே ஊரில், திரும்பி வந்த ஒரு வயதான மனைவியைத் தெருவுக்கு இழுத்துப்போய்ப் புருஷனின் கண் முன்னே சுடுகிறார்கள். சுட்டவரும் அயலவர்தான். அடுத்த நாளும் எல்லோரும் அதே ஊரில்தான்.

கட்டுரையாளர் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் முதல்நாள் கட்சியிலேயே நின்றாலும் பரவாயில்லை. அந்தப் புருஷன் சுட்டவரின் வீட்டைத் தாண்டிக் கடைக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்பதை வாசிக்க எனக்கு ஆசை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.